நாலு மடங்கு போதும்

நாலு மடங்கு போதும், அதற்கு மேல் ஒரு இம்மிகூட வேண்டாம் என்று சாந்தாமணி ஸ்கூட்டரை விட்டு இறங்கும்போதே முடிவு கட்டியிருந்தாள். ஆனால் யாகூப் பாய் கண்ணாடி மேஜைமேல் பச்சைத் துணியை விரித்து மூன்று குழாய்களை வரிசையாக எடுத்து வைத்து, "பாருங்கம்மா, பாக்கறதுக்குக் காசில்லீங்க" என்று சிரித்ததும், கட்டிய முடிவு அவிழ்ந்து எங்கேயோ போய்விட்டது. மூன்றும் கறுப்பு. ஏர் ரைபிளின் முதுகில் மாட்டிக்கொண்டால் தூரத்துக் குறி அட்டையைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் ஸ்கோப்புகள், துப்பாக்கிக்குப் போடும் மூக்குக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். நாச்சிமுத்து வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஒப்பணக்காரத் தெருவில் வண்டிக்கு இடம் கிடைக்க முன்ஜென்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும், ஆகவே கால் மணி நேரம் ஆகலாம், பாவம் செய்திருந்தால் அரை மணி. அவர் பாவம் ஒன்றும் செய்தவர் இல்லை, செய்தவள் எல்லாம் அவள்தான். போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனார்: "கண்ணாடி சமாச்சாரம் உன்ற டிபார்ட்மெண்டு அம்மிணி. நீயே பாத்து எடு. வெலை கம்மியா, கெட்டியா இருந்தாப் போதும்." அவர் வருவதற்குள் எடுத்து, கட்டச் சொல்லி, பைக்குள் போட்டுக்கொண்டுவிட வேண்டும். அவர் இங்கே நின்று ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. அது மட்டும் நடக்கக் கூடாது மாகாளியம்மா, என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவர் சொன்னதும் சரிதான், கண்ணாடி அவள் டிபார்ட்மெண்ட்தான். இருபத்தாறு வருஷமாக ஆர்.எஸ். புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்தி, ஆட்களின் மூக்கில் கோணாமல் உட்காரவைத்து அனுப்புகிறாள். கால் பவர் வித்தியாசம் இருந்தாலும் கையில் எடுத்து ஜன்னல் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் கட்டின புருஷனுக்குக் கண்ணில் இல்லாத புரையை இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றினாள். ஏமாற்றினாள் என்பது பெரிய வார்த்தை. சரி, சின்ன வார்த்தையாக வேறு எதைச் சொல்வது. ஆரம்பம் காபி டம்ளரில்தான். காலையில் அவர் டம்ளரை டபராவோடு எடுத்து வரும்போது கிணுகிணுவென்று ஒரு சத்தம், அடுப்படியில் நின்றபடி அவள் அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்தாள், பழைய ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் பக்கத்து அலமாரியில் கரண்டி எல்லாம் பேசும். "ஏனுங்க, ஃபிரிட்ஜு ஆடுது பாருங்க" என்றாள், அவரும் குனிந்து அதன் காலுக்கு அட்டையை மடித்துச் செருகினார். மறுநாளும் சத்தம். இன்னொரு அட்டை. மூன்றாம் நாள் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது, கிணுகிணு மட்டும் ஹாலிலிருந்து நடந்து வருகிறது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். தலைமுடி கனத்தில் பாதி தேய்க்க வேண்டுமென்றாலும் அரத்தை நாச்சிமுத்து கையில் கொடு என்பார்களாம். அந்தக் கை. அவள் வெளியே வந்து, டம்ளரை வாங்கி, சூடு ஆறிப்போச்சு இருங்க என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

கைக்கு அடுத்ததாகக் குறி அட்டை காட்டிக் கொடுத்தது. ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவர் க்ளப்பில் இருப்பார், பத்து மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி, அதுதான் பத்து மதிப்பெண். மற்றவர்கள் சீட்டாடவும் குடிக்கவும் போகிற வயதில் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிளகைத் தேடினார், அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சுட்ட அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் என்றிருந்தது போய், தோசையில் விழுந்த ஓட்டை மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையையே கொண்டுவரவில்லை. "என்னமோ ஆயிப்போச்சு எனக்கு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார், அந்தக் குரல் அவள் அதுவரை கேட்காத குரல், உடனே அவள் வாயிலிருந்து "கண்ணாத்தான் இருக்கும், வயசாகுதல்லீங்க" என்று வந்துவிட்டது. கண் என்றால் கடை இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது, அவளால் சரி செய்ய முடியும். கைக்கு அவளிடம் என்ன இருக்கிறது. கடைக்குக் கூட்டிப்போய் அங்கே கண் பரிசோதிக்கும் பிரபாவதியிடம் உட்காரவைத்தாள். அரை மணி கழித்து பிரபாவதி திரைக்குப் பின்னால் வந்து, "கண்ணு தங்கமாட்டம் இருக்குக்கா, எனக்கே இவ்வளவு நல்லா இல்ல" என்றாள். சாந்தாமணி நேராக வெளியே வந்து, சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்த மனிதரிடம், "லேசாப் புரை விழுந்திருக்காமுங்க, இப்போதைக்கு ஆப்பரேசன் வேண்டாமாம்" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்த வாக்கியத்தை? அவளே ஒரு கண்ணாடி செய்து, பவர் என்று சொல்ல ஒன்றும் இல்லாத வெறும் கண்ணாடி, தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு, "அட, இப்பத்தான் ஒலகமே தெரியுது" என்றார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

"இது நாலு மடங்குங்கம்மா, எல்லாத்துலயும் வெலை சல்லிசு" என்று பாய் முதல் குழாயைத் தள்ளினார். அதுதான், அதுதான் வேண்டும். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்கள், அவள் பொய்க்குத் துணையாக க்ளப் செயலாளர் வந்து சேர்ந்தார்: கண் மங்கினவர்கள் ஸ்கோப் போட்டுக்கொள்ளலாம், போட்டியில்தான் அனுமதி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நமக்கு நாமே சுடுவதை யார் கேட்கப் போகிறார்கள் என்று. நாச்சிமுத்துவுக்கு அன்று முகமே மாறிவிட்டது. பிறகுதான் இன்னொன்றும் சொன்னார், துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றி பீரோவில் வைத்துக்கொண்டே, "இதுவும் ஒத்து வல்லீன்னா க்ளப்புக்கே குடுத்தர்றேன் சாந்தா. கௌரவமா விட்டர்றது நல்லது." விட்டுவிட்டு என்ன செய்வார். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் நாலு மடங்கைக் கண்ணில் வைத்து எதிர்ச் சாரிப் பாத்திரக்கடைப் போர்டைப் பார்த்தாள். எழுத்து கிட்டே வந்தது, நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு, அது அசைகிறதா என்றால் அசைகிறது, அசைவது கண்ணுக்குத் தெரிகிறதா என்றால் தெரியவில்லை. நல்ல குழாய். அடக்கமான குழாய். கண்டும் காணாத மாதிரி இருக்கத் தெரிந்த குழாய். பிறகு வழக்கப்படி, லென்ஸ் கையில் வந்தால் கிட்டத்தையும் பார்த்துவிடும் வழக்கப்படி, திரும்பிக் கடையின் கோடியில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நீளமான கடை, காலண்டர் பத்து மீட்டரில் இருக்கும். தேதி தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது. "அது நூறு கஜத்துக்குக் கம்பெனியிலயே செட் பண்ணிட்டு வந்துருதுங்க, மாத்த முடியாது" என்றார் பாய். "கிட்டத்து அட்டை மசமசன்னுதான் இருக்கும். பத்து மீட்டருக்கு இந்த ரெண்டாவது. மூணு மடங்குல இருந்து பன்னண்டு மடங்கு வரைக்கும் ஏத்தி எறக்கலாம், முன்னால வளையத்தைத் திருப்புனா பத்தடியும் கண்ணாடியாட்டத் தெரியும். வெலையும் ஒண்ணும் மானத்துல ஏறி நிக்கலீங்க." மூன்றாவதைப் பற்றி அவரே கையை ஆட்டிவிட்டார், பளபளப்பும் விலையும் பெரிசு, ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கி முன்னாலும் உதைக்கும் பின்னாலும் உதைக்கும், அந்த உதையில் இரண்டே மாதத்தில் உள்ளே கோடு அறுந்துவிடும், காட்சிக்குத்தான் எடுத்து வைத்தேன் என்றார்.

இரண்டாவதை எடுத்து, முன்வளையத்தைக் காலண்டர் தூரத்துக்குத் திருப்பி, மடங்கைப் பன்னிரண்டில் வைத்தாள். வைத்த உடனே காலண்டர் துள்ளியது. அந்தக் கூட்டல் குறி தேதியின் மேல் நிற்கவே இல்லை, டக் டக் என்று ஒரு குதி, குதிக்கு ஏற்ற மாதிரி காதுக்குள் அவள் நாடி. அவள் கை ஆடுகிற கை இல்லை. லென்ஸ் விளிம்பில் மயிரிழை பிசகாமல் பள்ளம் வெட்டுகிற கை, அதுவே இந்தக் குழாய்க்குள் இந்தக் கூத்து ஆடினால் அவர் கை என்ன ஆடும். முதல் தடவை கண்ணை வைக்கும்போதே தெரிந்துவிடும், மங்கல் ஒன்றும் இல்லை, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பளிச்சென்று ஆடுகிறது. அப்புறம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவார், க்ளப்புக்குக்கூடக் கொடுக்க மாட்டார், அவளைப் பார்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கேட்காமல் இருந்தால் அதைவிட மோசம். மடங்கை மூன்றுக்கே இறக்கிக் கீழே வைத்தாள். முதல் குழாயை எடுத்தாள். இது மசமச என்று காட்டும். காட்டட்டுமே? மங்கினால் புரை என்று நினைத்துக்கொள்வார், புரை முற்றுகிறது என்று அவளும் சொல்வாள், குற்றம் பூராவும் கண் தலையில் போகும், கை தப்பித்துவிடும், ஒரு வருஷம், இரண்டு வருஷம். எவ்வளவு சுளுவாக இந்த யோசனை வந்தது என்று அவளுக்கே உடம்பு கூசியது. சரியாகத் தெரியாத ஒரு லென்ஸை வேண்டுமென்றே ஒருத்தர் கையில் கொடுப்பதா. கால் பவர் பிசகினாலும் பிரேமை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாங்க என்று சண்டை போட்டுத் திருப்பி அனுப்புகிறவள். சின்னப் பிள்ளைக்குச் செய்வாளா, முன்பின் தெரியாத ஆளுக்குச் செய்வாளா, கட்டினவருக்குச் செய்கிறாள். ஆனால் முன்பின் தெரியாத ஆள் வாசலில் போய் நின்று உலகமே தெரியுது என்று சொல்ல மாட்டானே. அந்த மனிதரின் முகத்திலிருந்து இந்தக் கை ஆட்டம் ஒன்றை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டே போக முடிந்தால், ஒரு நாள், இன்னொரு நாள், தள்ளிக்கொண்டே போய் இரண்டு பேரும் கிழடாகிவிட்டால், அப்போது எல்லாக் கிழவருக்கும்தான் கை ஆடுகிறது என்று சொல்லிவிடலாம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். தெரியும். தெரிந்துதான், "பாய், இந்த நாலு மடங்கையே கட்டிருங்க" என்றாள். பாய் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "கண்ணாடிக் கடைக்காரம்மா நீங்க. சொன்னாச் சரிங்க" என்று அட்டைப்பெட்டியைத் தேடினார்.

பெட்டி கிடைப்பதற்குள் நாச்சிமுத்து வந்துவிட்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடம் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே. "முடிஞ்சுதா?" "முடிஞ்சுதுங்க, நாலு மடங்கு, போலாம்" என்று பையைத் திறந்து பிடித்தாள். அவர் பையைப் பார்க்கவில்லை. குழாயை எடுத்து, ஃபிட்டர் எதையும் முதலில் செய்வது போல எடை பார்த்து, திருகாணியைத் தடவி, கண்ணில் வைத்தார். முதலில் தெரு. பிறகு காலண்டர். "தேதி மசமசன்னு இருக்குதே பாய்" என்றவர், குழாயை இறக்கி அவளைப் பார்த்தார். "நீ பாத்தியா அம்மிணி?" அவள் திறந்த பையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதைத் துணிமேல் வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். "அது வேண்டாமுங்க, பாரம்" என்றாள். "பாத்தாத் தேஞ்சா போகுது" என்று மடங்கு வளையத்தை அவரே பன்னிரண்டுக்குத் திருப்பினார். மயக்கம் வந்த மாதிரி விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள், விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது, மேஜை முழுக்கக் கண்ணாடி. அதற்குள் குழாய் அவர் கண்ணுக்குப் போய்விட்டது. அவள் காலண்டரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயின் முன்விளிம்பை மட்டும் பார்த்தாள். அது காற்றில் சின்னச் சின்னதாக வட்டம் போட்டது. "முழங்கையை மேசையில ஊனிக்குங்க" என்றார் பாய். அவர் ஊன்றவில்லை. நின்றபடி பார்த்தார், வெகு நேரம் பார்த்தார், வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"ஆடுது" என்றார், கண்ணை எடுக்காமல்.

"கண்ணுல புரை இருந்தா அப்பிடித்தானுங்க..."

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல சாந்தா." குரலில் கோபமே இல்லை. "பிரபாவதி காட்டுன எழுத்து அட்டையில கடைசி வரி பூராப் படிச்சனே. படிச்சவனுக்குத் தெரியாதா?"

அவளுக்கு அது உறைக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்த அட்டையைப் படித்திருக்கிறார்கள், படிக்கிறவனுக்கும் தான் படித்தது தெரியும் என்ற ஒன்று எப்படி அவள் மண்டையில் ஏறாமல் போனது.

"அப்பறம் ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

"நீ வெளிய வந்து புரைன்னு சொன்னே. உன்ற மூஞ்சியைப் பாத்தேன். சரி, புரையாவே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

"புதுக் கண்ணாடி போட்டதும் ஒலகமே தெரியுதுன்னு சொன்னீங்களே!"

"நீ மாட்டி உட்டே. வேற என்னன்னு சொல்லறது."

ஐந்து மாதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், அவருக்குத் தெரியக் கூடாது என்று அவளும், தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவரும், ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயந்துகொண்டு. அடிக்கலாம் போலிருந்தது இந்த மனிதரை. பாய் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பாய் விவரமானவர், பெட்டி தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டிருந்தார். "டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்றாள், இவ்வளவு நாளாக வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த வார்த்தை, வெளியே வந்தபோது சாதாரண வார்த்தையாகத்தான் இருந்தது. "போலாம். நீ கூட வந்தாப் போலாம். ஒண்டியாப் போகப் பயமா இருந்துச்சு" என்றார் நாச்சிமுத்து. பிறகு குழாயை லேசாக ஆட்டிக் காட்டினார். "இதையே எடுத்துக்கலாம். ஆடறது ஆடிட்டுப் போகட்டும். கிறுக்குத்தனமா ஆடறதில்ல பாரு, ஒரே மாதிரிச் சுத்துது. போனா வருது. நடுவுக்கு வர்ற நேரம் தெரிஞ்சா அப்பக் குண்டை உடலாம். ஆடாம நிக்கோணும்னு காத்திருந்துதான் இத்தன நாளாக் கெட்டேன். இங்க வா, நீயே பாரு."

குழாயை அவள் கையில் கொடுக்கவில்லை. தன் கையில் பிடித்தபடியே அவள் பக்கம் நீட்டினார். அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, அவர் கையோடு கண்ணை வைத்தாள். உள்ளே பெரிசாக, துல்லியமாக, பதினான்காம் தேதி. அதன்மேல் கூட்டல் குறி இடது பக்கம் நழுவி, கீழே போய், மெல்ல வளைந்து மேலே ஏறி, தேதியின் நடுவைத் தொட்டுவிட்டு மறுபடி நழுவியது. அவள் கை தானாக எழுந்தது, கோணியிருந்த எதையும் நிமிர்த்திவிட்டே பழகிய கை, அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தப் போனது. வழியிலேயே அதைத் தடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். ஆடட்டும். அவர் பார்க்கிறதை ஒரு தடவை அவர் பார்க்கிற மாதிரியே அவளும் பார்க்கட்டும்.

"தெரியுதா?" என்று காதருகே கேட்டார்.

"தெரியுதுங்க."

"நடுவுக்கு வரும்போது சொல்லு."

கீழே போனது. வளைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இப்ப" என்றாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும், "இப்ப."